போன இதழும் பெயர்ந்த காரையும்: பழைய வீடுகளிலும் ஓவியங்களிலும் இழந்த பகுதிகளைச் சீரமைக்கும் முறை

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் உள்ள ஒரு பழைய வீட்டின் முன்தாழ்வாரத்தை ஐந்து தேக்குத் தூண்கள் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் நான்காவது தூணின் மேல் உத்திரத்தைத் தாங்கும் போதிகையில், கீழ்நோக்கித் தொங்கும் வாழைப்பூ முனையைச் சுற்றிய இதழ்களுள் ஒன்று உடைந்து போயிருந்தது. வீட்டுக்காரர் என்னை அழைத்துக் காட்டி, “மத்த நாலு தூண்ல இருக்கிற மாதிரியே இதையும் பண்ணிடணும் சார், ஒட்டுப்போட்டது யாருக்கும் தெரியக் கூடாது” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு கோரிக்கைகள் இருந்தன. முதலாவது நியாயமானது, அதற்கான ஆதாரம் எங்கள் கண்முன்னே நான்கு தூண்களாக நின்றது. இரண்டாவதற்கு நான் உடன்படவில்லை. இழந்த பகுதியைச் சீரமைக்கும் வேலை முழுவதும் இந்த இரண்டு விருப்பங்களுக்கும் நடுவில்தான் நடக்கிறது. அதைச் சுவரிலும் சுதையிலும் (சுண்ணாம்புச் சாந்தில் வடித்த உருவங்களிலும்) மரத்திலும் ஓவியத்திலும் எப்படிச் செய்வது என்பதை, நான் செய்து பார்த்தும் கேட்டும் அறிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

ஏடுகளோடு பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் ஏடு சிதைந்து சொற்களும் அடிகளும் போய்விட்டன. 1894இல் அதைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்கு அந்த அடிகளைத் தாமே பாடி நிரப்பும் புலமை இல்லாமல் இல்லை. ஆயினும் அச்சுப் பதிப்புகளில் அந்த இடங்களில் இன்றுவரை புள்ளிகளே நிற்கின்றன. எஞ்சிய சொற்களை நாம் நம்பிப் படிப்பதற்கு அந்தப் புள்ளிகளும் ஒரு காரணம். கட்டடத்துக்கும் சிலைக்கும் இதே நேர்மை வேண்டும் என்பதை பழைய சின்னங்களின் பாதுகாப்புக்காக 1964இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு ஆவணமான வெனிஸ் சாசனம் விதியாக வகுத்தது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்று அதன் 9ஆம் பிரிவு கூறுகிறது. இழந்த பகுதிக்கு ஈடாக வைப்பது முழுமையோடு இயைந்தும், அதே நேரத்தில் மூலத்திலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்பது 12ஆம் பிரிவு. நான் இதை இரண்டு தூரங்களாக நினைவில் வைத்திருக்கிறேன். தெருவில் நின்று பார்ப்பவரின் கண் அந்த இடத்தில் இடறக் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் வந்து பார்ப்பவர் ஏமாறக் கூடாது.

ரோம் நகரின் டைட்டஸ் வளைவை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைத்தவர்கள், மூலம் சலவைக்கல்லாக இருக்க, சேர்த்த பகுதிகளை டிராவர்டைன் என்ற வேறு கல்லில், நுணுக்கமான செதுக்கல்களை விட்டு உருவரையை மட்டும் காட்டிச் செய்தார்கள். இரண்டு தூரங்களுக்கும் அது இன்றும் நல்ல எடுத்துக்காட்டாக நிற்கிறது.

கை வைப்பதற்கு முன்

ஒரு பகுதி எதனால் போயிற்று என்று அறியாமல் நிரப்பினால், நிரப்பியதும் அதே வழியில் போய்விடும். நம் கடற்கரை ஊர்களில் காரணங்கள் பெரும்பாலும் சிலவே. கடற்காற்றோடும் நிலத்தின் ஈரத்தோடும் சுவருக்குள் ஏறும் உப்பு, அடைத்துக்கொண்ட தூம்பிலிருந்து மழைக்காலத்தில் ஒழுகும் நீர், கரையான், சுதைக்குள்ளும் வளைவுக்குள்ளும் துருவேறிப் பருக்கும் இரும்பு ஆகியவையே அவை. சுவரின் அடியில் காரை பெயர்ந்து, அதற்கு மேல் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் கீழிருந்து ஏறுகிறது என்று கொள்ளலாம். மேலிருந்து நாக்குப்போல் நீண்ட கறை இறங்கியிருந்தால் கூரையையும் தூம்பையும் பாருங்கள். அந்தக் காரணத்தை நிறுத்திய பிறகு, சுவர் உலர ஒரு கோடைக்காலமாவது விடுவது நல்லது.

அடுத்ததாக, விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். பற்றுள்ள காரை கெட்டியான ஓசை தரும்; சுவரைவிட்டு விலகிய காரை பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். விலகிய இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். அவை இன்னும் விழவில்லை என்பதால் அவை இழப்பல்ல. சாந்துப் பாலைச் சிரிஞ்சால் உள்ளே செலுத்தி, பலகை முட்டுக்கொடுத்து அழுத்திவைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கொத்தனார்கள் பலர் தட்டிப் பார்த்து ஓட்டை ஓசை கேட்டவுடனே கொத்தி எறிந்துவிடுகிறார்கள். நம் ஊர்களில் பழைய காரை அழிவது காலத்தால் மட்டுமன்று, இந்த அவசரத்தாலும்தான்.

விழுந்த துண்டுகளைக் குப்பையில் போடாமல், எந்த இடத்தின் கீழே கிடந்தன என்று எழுதி ஒரு தட்டில் சேர்த்து வைக்க வேண்டும். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். பழைய தோற்றத்துக்கு ஆதாரம் தேடும்போது, வீட்டின் கல்யாண ஆல்பத்தைக் கேட்க மறவாதீர்கள். திண்ணையின் முன் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிறுத்தி எடுத்த படங்களில், தூணும் கைப்பிடிச் சுவரும் கதவு நிலையும் எந்த அரசு ஆவணத்திலும் இல்லாத தெளிவோடு பதிந்திருக்கின்றன.

இந்த வரிசையைக் கடைப்பிடிக்காததன் விலையை எங்கள் குடும்பமே கொடுத்தது. கடலூர் முதுநகரில் என் தாய்மாமன் வீட்டுக் கூடத்தில், தரையிலிருந்து மூன்றடி உயரம் காரை உதிர்ந்திருந்தது. வந்த கொத்தனார் சிமெண்ட் பூசினால் நூறு வருடம் நிற்கும் என்றார், அருகில் இருந்த நானும் தலையாட்டினேன். முதல் வருடம் சுவர் கண்ணாடிபோல் இருந்தது. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாததால், அது சிமெண்டுக்கு மேலே உள்ள பழைய காரை வழியாக வெளியேறத் தொடங்கியது. மூன்றாவது மழைக்காலம் முடிந்தபோது அதுவரை பழுதில்லாமல் இருந்த ஐந்தடி உயரமும் உப்புப் பூத்து, அங்கே இருந்த நீலக் கரைக்கோலம் மாவாக உதிர்ந்தது. சிமெண்டைக் கொத்தி எடுத்தபோது அதனோடு பழைய செங்கல்லின் முகமும் உரிந்து வந்தது. அந்தக் கரைக்கோலத்துக்குப் படம்கூட இல்லை. நிரப்பும் பொருள், அதைத் தாங்கும் பழைய பொருளைவிட வலுவாக இருக்கக் கூடாது என்ற விதியை நான் அந்தச் சுவரில்தான் கற்றேன்.

எதை நிரப்பலாம், எதை விடவேண்டும்

ஒரே அச்சில் பன்னிரண்டு குமிழ்த் தூண்கள் கொண்ட மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு இல்லையென்றால், எஞ்சிய பத்தும் அந்த இரண்டின் வடிவத்தைச் சொல்லிவிடுகின்றன. அங்கே ஊகத்துக்கு இடமில்லை, நிரப்பலாம். கதவு நிலையின் மேல் ஒற்றைக் கஜலட்சுமி இருந்து அதன் முகம் போயிருந்தால், அந்த முகத்தை யாராலும் அறிய முடியாது. பக்கத்துத் தெருக் கஜலட்சுமியைப் பார்த்துச் செய்யும் முகம் பக்கத்துத் தெருவின் முகமாகவே இருக்கும். அந்த இடத்தில் முகத்தின் திரளை மட்டும் மழுங்கலாக வைத்து, கண் மூக்கு செதுக்காமல் நிறுத்திவிடலாம். அல்லது விளிம்பு மேலும் உதிராமல் பிடித்துவைத்து அப்படியே விட்டுவிடலாம். எனக்கு இரண்டாவது வழியே பெரும்பாலும் பிடித்திருக்கிறது.

பயன் கருதி நிரப்ப வேண்டிய இழப்புகளும் உண்டு. மாடித் தளத்தில் அச்சுக்கல் எனப்படும் சிறு செங்கல் ஒன்று போயிருந்தால் மழை இறங்கும், எனவே அங்கே அழகு பற்றிய விவாதத்துக்கு நேரமில்லை. இதற்கு நேர்மாறாக, இடிபாடாகவே பொருள் தரும் இடங்கள் இருக்கின்றன. கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் வாங்கினர். 1758இல் பிரெஞ்சுப் படை அதைப் பிடித்துத் தகர்த்தது. அங்கே எஞ்சிய சுவரை முழுமையாக்கினால் 1758இல் நடந்தது அழிந்துபோகும். சுவரின் தலைப்பில் நீர் தேங்காமல் சுண்ணாம்புச் சாந்தால் சாய்வு கொடுத்து, செடி வேர் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதே அத்தகைய இடத்துக்குச் செய்ய வேண்டியது.

கோயில் இவ்விரண்டிலும் சேராது. ஆகம வழக்கில் பின்னமான திருமேனி வழிபாட்டுக்கு உரியதன்று, எனவே அருங்காட்சியகத்தில் கை இல்லாத சிலையைக் கை இல்லாமலே வைக்கும் நெறியைக் கருவறைக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. ஆனால் விமானத்துச் சுதைகளுக்கும் சுற்றுச் சிற்பங்களுக்கும் பேச்சுவார்த்தைக்கு நிறைய இடம் இருக்கிறது. பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில் விமானத்தைப் பார்த்தவர்கள், சுதை என்பது வண்ணம் தீட்டப்பட்ட பொம்மையன்று என்பதை அறிவார்கள். கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்குமுன் ஒவ்வொரு சுதை உருவத்தையும் படமெடுத்து, எந்தக் கை, எந்த ஆயுதம், எந்த முத்திரை உறுதியாகத் தெரிகிறது என்று ஸ்தபதியோடும் அர்ச்சகரோடும் உட்கார்ந்து பட்டியலிட்டால், திருப்பணி முடிந்தபின் எழும் வருத்தங்களில் பாதி இல்லாமல் போகும்.

முழுக் கட்டடமே போய்விட்ட நிலை வேறு. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருந்த 19ஆம் நூற்றாண்டு மேரி (Mairie) என்ற பழைய நகராட்சி மன்றக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. கடற்கரையின் முகத்துக்கு அந்தக் கட்டடம் தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் அதைச் சீரமைப்பு என்று சொல்லக் கூடாது. மறுகட்டுமானம் என்றே சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட கட்டடத்தின் வாசலில் முதலில் கட்டிய ஆண்டையும் மீண்டும் கட்டிய ஆண்டையும் பொறித்து வைப்பது, பார்க்க வருபவருக்குச் செய்யும் மரியாதை.

சுவரும் சுதையும்

சுண்ணாம்பு வேலையில் பொறுமைதான் பாதிக் கூலி. சுட்ட கிளிஞ்சலையோ கல் சுண்ணாம்பையோ தொட்டியில் நீற்றி, மேலே நீர் மூடியிருக்கும்படி குறைந்தது மூன்று வாரமாவது வைத்திருக்க வேண்டும். மூன்று மாதம் இருந்தால் அது வெண்ணெய்போல் ஆகிவிடும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் யாரையும் அருகில் விடாதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் பார்வையே போகக்கூடும்.

மணல் ஆற்று மணலாக, உப்பில்லாததாக இருக்க வேண்டும். பழைய காரையின் ஒரு துண்டை நொறுக்கி நீர்விட்ட அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் அடியில் தங்கும். அதை லென்சின் கீழ் பார்த்து, அதே பருமனும் நிறமும் உள்ள மணலைத் தேர்ந்துகொள்ளலாம். கிளிஞ்சல் தூள் கலந்த காரையும் அமிலத்தில் கரைந்துவிடும் என்பதால், கரைப்பதற்கு முன் துண்டின் உடைந்த முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுங்கள். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் பெரும்பாலும் பொருந்தும். மேற்பூச்சுக்கு மணலைக் குறைத்து நன்றாகச் சலித்துச் சேர்க்க வேண்டும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சாந்தை இணக்கமாக்கித் தண்ணீரின் தேவையைக் குறைக்கின்றன. அளவு மீறினால் சாந்து இறுகவே மறுக்கும்.

இனி நிரப்பும் முறை. இழப்பின் விளிம்பில் தளர்ந்த துகளை மென்மையான தூரிகையால் நீக்குங்கள். விளிம்பை நேர்க்கோடாக வெட்டிச் சதுரமாக்காதீர்கள். அப்படி வெட்டுவது மூலத்தில் இன்னும் கொஞ்சத்தை இழப்பதாகும். தூசியை ஊதி, சுவர் குடித்து முடிக்கும்வரை நீர் தெளித்து, ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் கரண்டியால் அழுத்திப் பூசுங்கள். ஒரு பூச்சு இறுகியபின் அதன் முகத்தைக் கீறிவிட்டு அடுத்ததைப் பூச வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சித்தான் கல்லாகிறது, அதற்கு ஈரமும் வேண்டும். ஆகவே கடற்காற்று நேராக அடிக்கும் சுவர்களில் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது காக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தை பிறந்ததிலிருந்து பங்குனி வரையிலான நாட்களே இந்த வேலைக்கு ஏற்றவை.

நிரப்பலின் முகம் பழைய முகத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே தாழ்ந்திருக்கட்டும். தொலைவில் அந்தத் தாழ்வு தெரியாது. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் எல்லைக்கோடு உடனே எழுந்து நிற்கும். வண்ணத்தைச் சாந்திலேயே கலப்பதாக இருந்தால், மஞ்சள் காவியை வெவ்வேறு அளவில் சேர்த்து ஆறு மாதிரித் துண்டுகள் செய்து, இரண்டு வாரம் உலரவிட்டு, காலை வெயிலிலும் மாலை நிழலிலும் சுவரோடு வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஈரத்தில் பொருந்தும் வண்ணம் உலர்ந்ததும் வெளிறிவிடும். மூலத்தைவிட ஒரு சாயல் வெளிறிய மாதிரியையே நான் எடுப்பேன், ஏனெனில் அழுத்தமான நிரப்பல் திட்டுத்திட்டாக முன்னே வந்து நிற்கும்.

சுதையில் போன விரல்களையோ கையையோ ஆதாரத்தோடு மீட்கும்போது, உள்ளே இருக்கும் பழைய இரும்புக் கம்பியைப் பாருங்கள். துருப்பிடித்த இரும்பு பருத்துச் சுதையைப் பிளக்கிறது. எளிதாக வெளியே வருமானால் எடுத்துவிட்டுத் துருவேறாத எஃகுக் கம்பியைச் சுண்ணாம்புச் சாந்தில் பதிக்கலாம். வராவிட்டால் துருவைச் சுரண்டிக் காப்புப் பூச்சு கொடுத்து அங்கேயே விடுவது நல்லது.

மரமும் ஓவியமும்

அந்த நான்காவது தூணுக்கு வருகிறேன். உடைந்த முகத்தைச் சீவிச் சமமாக்கலாம் என்று தச்சர் சொன்னார். அதை மறுத்து, உடைவின் மேடுபள்ளத்தின் மேல் மெல்லிய மெழுகுத்தாளை அழுத்தி அச்செடுத்து, அந்த அச்சுக்குப் பொருந்தும்படி பழைய தேக்குத் துண்டின் அடியைக் குடைந்தோம். மரத்தின் ரேகை மூலத்தின் ரேகை ஓடும் திசையிலேயே ஓட வேண்டும், இல்லையேல் மழைக்காலத்தில் ஒன்று ஒரு பக்கமும் மற்றொன்று வேறு பக்கமும் ஊதும். இதழின் வெளிவளைவை மற்ற நான்கு தூண்களிலிருந்து அளந்து செதுக்கினோம், ஆனால் இதழின் நடுவில் ஓடும் நுண்ணிய நரம்புகளைக் கீறவில்லை. ஒட்டுவதற்கு, வெந்நீரில் இளகும் வச்சிரப் பசையைப் பயன்படுத்தினோம். நாளைக்குப் போன இதழ் எங்காவது பெட்டியில் கிடைத்தால், புதியதைக் கழற்றிவிட்டு அதை வைக்க வேண்டும் அல்லவா? உத்திரத்தின் நுனி மட்டும் சுவருக்குள் உளுத்திருந்தாலும் இதே எண்ணத்தோடுதான் அணுக வேண்டும். முழு உத்திரத்தையும் மாற்றாமல், உளுத்த நுனியைச் சாய்வாக அறுத்து எடுத்து, அதே சாய்வில் அறுத்த புதுத் துண்டைச் சேர்த்து, மர ஆணியால் பூட்டலாம். ஆனால் எடை தாங்கும் இடம் என்பதால் பொறியாளர் ஒருவர் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஓவியத்தில் இழப்பு இன்னும் நுட்பமான தொல்லை தருகிறது. 1939இல் ரோமில் தொடங்கப்பட்ட மத்தியச் சீரமைப்பு நிறுவனத்தின் முதல் இயக்குநரான செசாரே பிராண்டி இதைத் தெளிவாக விளக்கினார். ஓவியத்தில் விழுந்த வெற்றிடம், நாம் பார்க்கையில் தானே ஓர் உருவமாக முன்னே வந்துவிடுகிறது. உண்மையான உருவம் அதற்குப் பின்னணியாகத் தாழ்ந்துவிடுகிறது. வெற்றிடத்தை மீண்டும் பின்னுக்குத் தள்ளுவதே சீரமைப்பவரின் வேலை. அதற்காக அந்த நிறுவனத்தில் 1940களில் உருவான முறை டிராட்டெஜ்ஜோ எனப்படுகிறது. நிரப்பிய பரப்பின் மேல், நீர்வண்ணத்தில், மெல்லிய செங்குத்துக் கோடுகளை நெருக்கி நெருக்கி இழுப்பார்கள். தொலைவில் கோடுகள் கலந்து ஓவியத்தின் நிறமாகத் தெரியும், அருகில் வந்தால் கோடுகளாகப் பிரியும்.

நம் வீடுகளில் உள்ள தஞ்சாவூர் ஓவியத்துக்கு இந்த முறை நன்றாகப் பொருந்துகிறது. கடலூர்க் குடும்பம் ஒன்றின் பூஜை அறையில் இருந்த வெண்ணெய்க் கண்ணனை அருகில் வைத்துப் பார்த்தபோது இரண்டு இழப்புகள் தெரிந்தன. கண்ணன் சாய்ந்திருக்கும் சிவப்புத் திண்டில் கட்டைவிரல் நகமளவு வண்ணமும் சுண்ணப் பூச்சும் சேர்ந்து உதிர்ந்து, அடியிலிருந்த துணியின் இழை தெரிந்தது. மேலே, மண்டபத்தின் ஓரத்தில் நின்ற பெண்ணுருவின் கையும் அதில் ஏந்தியிருந்த பொருளும் முழுமையாகப் போயிருந்தன. முதலில் இழப்பின் விளிம்பில் தூக்கிக்கொண்டு நின்ற வண்ணச் செதில்களை, அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற பிசினின் ஒரு சொட்டைத் தூரிகை நுனியால் செலுத்தி உட்கார வைத்தோம். இந்தப் பிசினைப் பின்னொரு நாள் அசிட்டோனாலேயே கரைத்து நீக்கிவிட முடியும். பழைய வண்ணம் அசிட்டோனுக்குக் கரையுமா என்பதை ஓரத்தில் ஒரு புள்ளியில் சோதித்த பிறகே இதைச் செய்தோம். பின்பு சுண்ணப் பொடியை நீர்த்த பசையில் குழைத்து, பல்குத்தியின் நுனியளவு நுனியளவாக வைத்துக் குழியை நிரப்பி, ஈரப் பஞ்சால் துடைத்து மட்டப்படுத்தினோம். மூலத்தின் மேல் ஒரு மயிரிழைகூட ஏறக் கூடாது என்பதே இங்குள்ள ஒரே கண்டிப்பு. திண்டின் நிறம் இருபுறமும் தெரிந்ததால் அங்கே சிவப்பும் காவியுமாகச் செங்குத்துக் கோடுகள் இழுத்தோம். பெண்ணின் கையில் இருந்தது சாமரமா கிண்ணமா என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அந்த இடத்தைப் பின்னணிப் பச்சையின் வெளிறிய சாயலில் அமைதியாக விட்டோம். போன கற்களுக்குப் புதுக் கல் பதிக்கவும் பொன் தகட்டை மறுபடி ஒட்டவும் வீட்டில் முயல வேண்டாம். அதற்குப் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

சுவரோவியத்தில் பெரிய பரப்பே போயிருந்தால் கோடு இழுப்பதும் பொருளற்றது. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ-துப்ரேய் 1931இல் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் கண்டறிந்த பல்லவர் ஓவியங்களும், விழுப்புரத்துக்கு அருகே பனைமலையில் குடைநிழலில் சாய்ந்து நிற்கும் தேவியும் எஞ்சிய கோடுகளாலேயே நம்மைப் பிடித்து நிறுத்துகின்றன. அத்தகைய இடத்தில் விளிம்பைச் சுண்ணாம்புச் சாந்தால் பிடித்து, வெற்றிடத்தைச் சுவரின் நிறத்தில் விடுவதற்கு மேல் எதுவும் செய்யக் கூடாது.

அரிக்கமேட்டுப் பானைகளைப் போன்ற மட்கலங்களில் போன பகுதியைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் நிரப்பி, மண் நிறத்தில் ஒரு சாயல் குறைத்துத் தீட்டுவது வழக்கம். ஆனால் உடைவு முகத்தில் முதலில் பாரலாய்டு பூசினால்தான் பிளாஸ்டரின் உப்பு ஓட்டுக்குள் இறங்காது.

வேலை முடிந்த அன்றே குறிப்பு எழுதிவிட வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு நிரப்பினோம், சாந்தின் பங்கு, மணல் வாங்கிய இடம், பசையின் பெயர், முன்னும் பின்னும் எடுத்த படங்கள், நிரப்பாமல் விட்ட இடங்களும் அவற்றுக்கான காரணமும் ஆகிய அனைத்தையும் தமிழில், வீட்டுக்காரர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதிக் கொடுங்கள். அந்தத் தூணின் புதிய இதழில், கூரைப் பக்கம் திரும்பிய முகத்தில், மாதமும் ஆண்டும் உளியால் பொறித்திருக்கிறோம். தேர்ந்தெடுக்காத ஐந்து காரை மாதிரிகளும், இதழுக்கு வெட்டியது போக எஞ்சிய தேக்குத் துண்டும், குறிப்பேட்டின் ஒரு படியும் அந்த வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. அடுத்த முறை ஏணி வைத்து ஏறும் கொத்தனாரிடமும் தச்சரிடமும் அந்தப் பெட்டியை முதலில் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.